தறியின் இருபுறமும்

(புதுச்சத்திரம் வட்டாரக் கூட்டுறவுச் சங்க அங்கத்தினர்களுக்கான பிரசங்கம்)



சேலத்திலிருந்து நாமக்கல் செல்லும் பெருவழியில் அமைந்துள்ள புதுச்சத்திரம், பெரும்பாலும் விவசாயத்தையே ஜீவனமாகக் கொண்ட ஊர். ஆனால் அதைச் சுற்றிலும் நெசவுக்குப் பேர்பெற்ற ஊர்கள் இருக்கின்றன. ஒரு பக்கம் ராசிபுரம், மேற்கே திருச்செங்கோடு, வடக்கே குகை, அம்மாப்பேட்டை முதலிய நெசவுப் பேட்டைகளைக் கொண்ட சேலம் நகரம். செங்குந்தர், தேவாங்கர், சௌராஷ்டிரர் முதலிய பல வகுப்பினர் தலைமுறை தலைமுறையாகத் தறியை நம்பி வாழ்ந்த பிரதேசம் இது. பருத்தி விளைவித்தவர் குடியானவர். நூல் நூற்றவர் அவர் வீட்டுப் பெண்கள். நெய்தவர் பக்கத்து ஊர் நெசவாளர். உடுத்தவர் மறுபடியும் குடியானவரே. ஆகவே நெசவின் வரலாறு நெசவாளரை மட்டும் சேர்ந்ததன்று. கிராமத்தார் யாவரும் அறியவேண்டியதாகும்.

கைத்தறி ஏன் க்ஷீணித்தது என்று கேட்டால், "யந்திரம் வந்தது, கைத்தொழில் தோற்றது" என்று பலரும் விடை சொல்லிவிடுகிறார்கள். இவ்விடை பாதி உண்மையே. அது முழு உண்மையாயிருந்தால் ஒரு தறிகூட மிஞ்சியிருக்கக் கூடாது. ஆனால் கைத்தறிகளையும் ஆலைகளையும் பற்றி விசாரிப்பதற்காக 1941-ஆம் ஆண்டில் டாக்டர் பி. ஜே. தாமஸ் அவர்கள் தலைமையில் நியமிக்கப்பட்ட கமிட்டி, 1942-இல் வெளியிட்ட அறிக்கையில், தேசமெங்கும் ஏறக்குறைய 20 லட்சம் கைத்தறிகள் இருப்பதாகக் கண்டது. நூறாண்டுப் போட்டிக்குப் பின்னும் இத்தனை தறிகள் நின்றன. அப்படியானால் அழிந்தது எது? தறி அழியவில்லை, தறிக்கு உரியவனுடைய சுதந்திரம் அழிந்தது. தறிக்கு முன்புறம் நூல் இருக்கிறது. பின்புறம் சந்தை இருக்கிறது. இவ்விரண்டும் நெசவாளன் கையைவிட்டுப் போன விதமே இத்தொழிலின் உண்மையான வரலாறு.

பழைய நிலை

பூர்வகாலத்தில் நெசவாளர் யாவரும் செல்வத்தில் திளைத்தனர் என்று எண்ணுவது தவறு. சோழர் காலத்துச் சாசனங்களிலேயே தறியிறை என்ற வரி காணப்படுகிறது. பஞ்சமும் யுத்தமும் அக்காலத்திலும் உண்டு. எனினும் அவர்களுக்கு இரண்டு அனுகூலங்கள் இருந்தன.

முதலாவது, நூல் அருகிலேயே கிடைத்தது. செம்மண் நிலத்தில் நாடம் பருத்தியும், கரிசல் நிலத்தில் உப்பம் பருத்தியும் விளைந்தன. பெண்கள் வீட்டு வேலை ஒழிந்த நேரத்தில் ராட்டையில் நூற்று, வாரச் சந்தைக்குக் கொண்டுவந்து விற்றார்கள். நெசவாளன் கையிலுள்ள காசுக்குத் தக்கபடி நூலை வாங்கிப் பாவு ஓட்டிக் கொள்ளலாம்.

இரண்டாவது, துணியை வாங்குவோர் பலர் இருந்தனர். 18-ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் தென்னாட்டு நெசவாளருக்கு ஒரு வழக்கம் இருந்தது. ஒரு வியாபாரியிடம் முன்பணம் வாங்கியவன், வேறொருவர் அதிக விலை கொடுக்க முன்வந்தால், முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஒப்பந்தத்தை முறித்துக்கொள்ளலாம். முன்பணம் அவனைக் கட்டிவைக்கும் கயிறாக இருக்கவில்லை. வியாபாரிதான் நெசவாளனைத் தேடி வந்தான்.

கும்பினியின் முன்பணம்

1792-ஆம் ஆண்டில் திப்பு சுல்தானோடு ஏற்பட்ட ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி பாராமகாலும் சேலமும் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கும்பினியின் வசமாயின. வரி வசூலிக்கக் கலெக்டர் வந்ததுபோலவே, துணி கொள்முதல் செய்யச் சேலத்தில் கும்பினியின் வியாபார ரெசிடெண்டும் அமர்ந்தார். ஆளும் சர்க்காரே துணி வியாபாரியாகவும் இருந்தால், நெசவாளன் யாரிடம் முறையிடுவது?

18-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து சென்னை ராஜதானியின் பல நெசவு ஊர்களில் கும்பினி தன் அதிகாரத்தைக் கொண்டு பழைய வழக்கத்தை மாற்றியது. கும்பினியின் முன்பணம் வாங்கியவன், ஒப்புக்கொண்ட துணியைக் கொடுத்துத் தீர்க்கும்வரை பிறருக்கு நெய்யக் கூடாது. தாமதித்தால் அவன் வீட்டு வாசலில் சேவகன் நிற்பான். அந்தச் சேவகனுடைய படியையும் நெசவாளனே கொடுக்கவேண்டும். துணி மட்டரகம் என்று கும்பினியின் ஆட்கள் கழித்துவிட்டால் அதற்கு மேல் பேச்சில்லை. பலர் வாங்கிய சந்தை ஒருவர் வாங்கும் சந்தையாகச் சுருங்கியது. சந்தை கைமாறிய முதற்படி இதுவே.

பிறகு அந்த ஒருவரும் விலகினார். இங்கிலாந்தில் 1700-ஆம் ஆண்டிலும் 1721-ஆம் ஆண்டிலும் இயற்றப்பட்ட சட்டங்கள் இந்திய அச்சுத்துணியை அந்நாட்டார் உடுத்தாதபடி தடுத்தன. 1764-க்குப் பின் ஹார்கிரீவ்ஸ், ஆர்க்ரைட், கிராம்ப்டன் முதலியோர் நூற்கும் யந்திரங்களைச் செய்தனர். 1785-இல் கார்ட்ரைட் யந்திரத் தறிக்கு உரிமை பெற்றார். 19-ஆம் நூற்றாண்டின் முதற்பகுதியில் இந்தியாவிலிருந்து சென்ற வெள்ளைத் துணிக்கு இங்கிலாந்தில் நூற்றுக்கு அறுபதுக்கு மேற்பட்ட வரி விதிக்கப்பட்டது. அங்கிருந்து இங்கு வந்த துணிக்கோ மிகச் சொற்பமான வரியே. தவிர, இங்குள்ள நெசவாளன் தன் தறிக்கு மோதர்பா என்ற தொழில்வரியும் செலுத்திவந்தான். 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலேதான் அது நீங்கியது.

1813-ஆம் ஆண்டுச் சட்டம் கும்பினியின் இந்திய வியாபார ஏகபோகத்தை ஒழித்தது. 1833-ஆம் ஆண்டுச் சட்டம் அதன் வியாபாரத்தையே நிறுத்தியது. பல வியாபாரிகளை விலக்கிவிட்டு ஒரே வியாபாரியாக அமர்ந்தவர் கடையை மூடிக்கொண்டு போய்விட்டார். வேறு வழியறியாத நெசவாளன் நடுத்தெருவில் நின்றான்.

நூல் கைமாறிய விதம்

சந்தைக்குப் பிறகு நூலும் போயிற்று. 1820-களுக்குப் பின் சீமை நூல் வரத் தொடங்கியது. முதலில் சன்ன நம்பர்களும், பின்னர் தடித்த நம்பர்களும் வந்தன. இவ்விஷயத்தில் உண்மையை மறைப்பதில் பயனில்லை. நெசவாளன் சீமை நூலை விரும்பியே வாங்கினான். அது விலை நயமானது, ஒரே சீரானது, பாவில் அடிக்கடி அறுவதில்லை. கைநூலில் முடிச்சுப் போட்டே பொழுது போக்கியவனுக்கு அது பெரிய அனுகூலமாகத் தோன்றியது.

ஆனால் அதன் பலன் இரண்டு விதமாக விளைந்தது. குடியானவர் வீட்டுப் பெண்களும் விதவைகளும் ராட்டையால் பெற்ற சிறு வருமானம் நின்றது. இந்த நஷ்டத்திற்கு எவரும் கணக்கெழுதி வைக்கவில்லை. ஏனெனில் அது சந்தையில் கிடைத்த சில்லறைக் காசு. மழை பொய்த்த வருஷத்தில் அடுப்பெரியச் செய்தது அந்தச் சில்லறையே.

இரண்டாவது பலன் நெசவாளனையே சேர்ந்தது. வாரச் சந்தையில் பல பெண்களிடம் சிறுகச் சிறுக வாங்கிய நூல், இப்போது கப்பலில் சென்னைக்கு வந்து, மூட்டையாகச் சேலத்திற்கு ஏறியது. 1860-களின் தொடக்கத்தில் ரயில் பாதை சேலத்தை எட்டியபின் வரத்து இன்னும் பெருகியது. மூட்டையாக வாங்க முதல் வேண்டும். முதல் உள்ளவர் நூல் வியாபாரி. நெசவாளனிடம் ரொக்கமில்லை, ஆகவே கடனாக வாங்கினான். கடன் கொடுத்தவர் ஒரு நிபந்தனை விதித்தார்: நெய்த துணியைத் தம்மிடமே கொண்டுவரவேண்டும் என்பதே அது. தறியின் முன்புறமும் பின்புறமும் ஒருவர் கையிலேயே சேர்ந்துவிட்டன.

இதைக் கணக்காகப் பார்த்தால் விளங்கும். உதாரணத்திற்கு, ரொக்கத்திற்கு 10 ரூபாய் பெறும் நூலைக் கடனுக்கு 11 ரூபாய் என்று எழுதிக்கொள்வதாக வைத்துக்கொள்ளலாம். அந்நூலால் நெய்த துணி வெளியே 18 ரூபாய்க்குப் போகக்கூடியது. கடன் கொடுத்தவர் அதை 16 ரூபாய்க்கு எடுத்துக்கொள்கிறார். நெசவாளன் குடும்பத்திற்குக் கிடைக்கவேண்டியது 8 ரூபாய். கிடைத்தது 5 ரூபாய். வட்டி என்ற சொல்லையே எவரும் உச்சரிக்கவில்லை, பத்திரம் எழுதவில்லை, கோர்ட்டுக்குப் போகவில்லை. ஆயினும் 3 ரூபாய் மறைந்துவிட்டது. கிணறு தன்னுடையதாயிருந்தும், கவலை மாடும் வடக்கயிறும் பிறருடையதாயிருந்தால், விளைச்சல் யாருக்குப் போகும் என்பதைக் குடியானவருக்கு எடுத்துச் சொல்லவேண்டியதில்லை.

பஞ்சம் செய்த கொடுமை

இவ்வாறு பலம் குன்றியிருந்த சமயத்தில் 1876 முதல் 1878 வரை பெரும்பஞ்சம் வந்தது. சேலம் ஜில்லா அதிகமாகப் பாதிக்கப்பட்டவற்றுள் ஒன்று. 1871-ஆம் ஆண்டு ஜனக்கணக்கின்படி ஏறக்குறைய 19 லட்சத்து 67 ஆயிரம் பேர் இருந்த ஜில்லாவில், 1881-இல் ஏறக்குறைய 16 லட்சம் பேரே இருந்தனர். மூன்றரை லட்சத்திற்கு மேல் குறைவு.

பஞ்ச காலத்தில் முதலில் நிற்பது தறி. தானியம் விலையேறினால் ஜனங்கள் பழந்துணியைத் தைத்து உடுத்திக்கொண்டு, கையிலுள்ள காசைக் கம்புக்கும் ராகிக்கும் செலவிடுவார்கள். குடியானவனுக்கு நிலமாவது மிஞ்சும். நிலமில்லாத நெசவாளனுக்கு மிஞ்சுவது தறிக்குழி மட்டுமே. அச்சும் படைமரமும் அடகுக்குப் போயின. மழை பெய்தபின் மறுபடி தறியில் அமர நூல் வேண்டும். நூலுக்குக் கடன் வேண்டும். பஞ்சத்திற்கு முன் பாதி சுதந்திரத்தோடு இருந்தவனும் பஞ்சத்திற்குப் பின் கூலிக்கு நெய்கிறவனானான்.

எனினும் தறி நிற்கவில்லை. கரைவேட்டி, பல நிறச் சேலை, பட்டுக்கரைத் துணி ஆகியவற்றை ஊருக்கு ஊர், வகுப்புக்கு வகுப்பு வேறுபட்ட விருப்பப்படி கொஞ்சம் கொஞ்சமாக நெய்வது ஆலைக்குக் கட்டுபடியாகவில்லை. குடியானவர் விரும்பிய கெட்டியான துணிக்கும் கிராக்கி இருந்தது. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சேலம், ராஜதானியின் பெரிய நெசவு ஸ்தலங்களுள் ஒன்றாகவே இருந்தது.

சேலத்தில் நடந்த பரீட்சை

நெசவாளரை உயர்த்தச் சர்க்கார் தரப்பிலும் ஒரு முயற்சி நடந்தது. ஆல்பிரட் சாட்டர்டன் என்பவர் 1906-ஆம் ஆண்டில் சேலத்தில் சர்க்கார் நெசவுச்சாலையொன்றை ஏற்படுத்தினார். கையால் நாடா எறிவதற்குப் பதிலாகக் கயிற்றை இழுத்து ஓட்டும் விசைநாடாத் தறிகளை ஒரே கொட்டகையில் வைத்து, நெசவாளரைக் கூலிக்கு அமர்த்தி நடத்துவது அவர் ஏற்பாடு. விசைநாடாவால் ஒருவன் ஏறக்குறைய இரு மடங்கு நெய்யலாம். ஆனால் நெசவாளர் ஒழுங்காக வரவில்லை. உள்ளூர் ஜவுளி வியாபாரிகளும் இதை விரும்பவில்லை. சர்க்கார் வியாபாரத்தில் இறங்கலாகாது என்று ஐரோப்பிய வர்த்தகர்கள் ஆட்சேபித்தனர். லண்டனில் இந்தியா மந்திரியாயிருந்த மார்லி பிரபுவும் அவ்வபிப்பிராயத்தையே கொண்டார். 1910-இல் சாலை மூடப்பட்டது.

நெசவாளர் சோம்பேறிகள் என்று சிலர் இதற்குக் காரணம் கூறினர். அது சரியன்று. வீட்டுத் தறி ஒருவனுடைய வேலையன்று. மனைவி தார் சுற்றுகிறாள்; பிள்ளைகள் சிறு வேலைகளில் உதவுகிறார்கள்; பாவுக்குக் கஞ்சி போட வீதியே சேர்ந்து நிற்கிறது. கொட்டகையில் ஒருவனுக்கு மட்டுமே கூலி. மற்றவர் உழைப்புக்கு அங்கே இடமில்லை. தவிர, வியாபாரியின் கடன் தலைமேல் இருக்கையில் அவன் எங்கே போய் வேலை செய்ய முடியும்? பிற்காலத்தில் விசைநாடா வீடுகளிலேயே பரவியது. ஆனால் நூலும் சந்தையும் பிறர் கையில் இருக்கையில், இரு மடங்கு வேகத்தின் லாபமும் பெரும்பாலும் நெசவாளனிடம் தங்கவில்லை. கருவியை மாற்றினால் மட்டும் போதாது என்பதே இதன் பாடம்.

இன்னொரு பரீட்சை 1925-ஆம் ஆண்டில் திருச்செங்கோட்டுக்கு அருகே புதுப்பாளையத்தில் தொடங்கியது. ராஜாஜி அவர்கள் ஸ்தாபித்த காந்தி ஆசிரமம், மழை பொய்த்த கிராமங்களில் பஞ்சைக் கொடுத்து, நூற்ற நூலைக் கூலி தந்து பெற்று, அதைக் கதராக நெய்வித்து விற்றது. கதரின் அளவு பெரிதன்று. ஆயினும் பஞ்சும் நூலும் தறியும் விற்பனையும் ஒரே ஸ்தாபனத்தின் கீழ் வந்தால், வருமானம் கிராமத்திலேயே தங்கும் என்பதை அது கண்ணெதிரே காட்டியது.

வரிகளும் யுத்தமும்

1896-ஆம் ஆண்டு முதல் வெளிநாட்டு நூலுக்கு வரி இல்லாதிருந்தது. 1922-இல் நூற்றுக்கு 5 வரி விதிக்கப்பட்டது. வெளிநாட்டுத் துணிக்கு விதித்த வரியால் தேசத்து ஆலைகளுக்கு அனுகூலமுண்டு; நூல் வரியாலோ கைத்தறிக்கு மூலப்பொருள் விலையேறியது. இக்குறையை ஓரளவு ஈடுசெய்ய, 1934-ஆம் ஆண்டு முதல் இந்திய சர்க்கார் கைத்தறிக்கென ஆண்டுதோறும் 5 லட்சம் ரூபாய் வரை மாகாணங்களுக்கு மானியமாக அளிக்க முன்வந்தது. அடுத்த 1935-இல் சென்னை மாகாணக் கைத்தறி நெசவாளர் கூட்டுறவுச் சங்கம் ஏற்பட்டது. அதுவே பின்னர் கோ-ஆப்டெக்ஸ் என்று யாவரும் அறிந்த ஸ்தாபனமாயிற்று.

இரண்டாவது உலக யுத்தத்தில் நூல் கிடைப்பதே அரிதாயிற்று. 1943-இல் துணிக்கும் நூலுக்கும் கட்டுப்பாடு வந்தது. கூட்டுறவுச் சங்கத்தின் மூலம் நூல் கிடைக்கும் என்றதும் புதிய சங்கங்கள் பல முளைத்தன. நூலுக்காக மட்டுமே சேர்ந்தவர்கள், நூல் தாராளமாகக் கிடைத்ததும் சங்கத்தை மறந்தனர். இதிலும் ஒரு பாடம் இருக்கிறது.

சங்கம் செய்யவேண்டியது

1904-ஆம் ஆண்டுச் சட்டம் நாணய சங்கங்களை மட்டுமே கருதியது. 1912-ஆம் ஆண்டுச் சட்டமே கொள்முதல், உற்பத்தி, விற்பனைச் சங்கங்களுக்கு இடம் தந்தது. நெசவாளனுக்கு ரொக்கக் கடன் கொடுத்த சங்கங்கள் பெரும்பாலும் பலனளிக்கவில்லை. சங்கத்தில் வாங்கிய ரூபாய் மாலைக்குள் பழைய வியாபாரியின் பெட்டிக்குப் போய்விடும். மறுநாள் நூலுக்கு மறுபடியும் அவர் வாசலில்தான் நிற்கவேண்டும். ஆகவே சங்கம் பணத்தைக் கொடுப்பதைவிட நூலைக் கொடுக்கவேண்டும். நூலைக் கொடுத்தால் துணியைப் பெறவேண்டும். துணியைப் பெற்றால் அதை விற்கவேண்டும். இம்மூன்றில் ஒன்று குறைந்தாலும் மற்ற இரண்டும் நிலைக்கா.

நூல் விஷயத்தில் அங்கத்தினர் ஒவ்வொருவரும் கணக்கறிந்திருத்தல் அவசியம். ஒரு பவுண்டு நூலில் 840 கஜம் கொண்ட சிட்டங்கள் எத்தனையோ, அதுவே அந்நூலின் நம்பர். 20 சிட்டம் இருந்தால் 20-ஆம் நம்பர். 40 இருந்தால் 40-ஆம் நம்பர். இதை அறியாதவன் நம்பர் குறைந்த நூலையும் எடை குறைந்த நூலையும் அறியாமல் வாங்கி, துணி தேறவில்லை என்று தன் கையையே நொந்துகொள்வான்.

சங்கங்களைக் கெடுப்பவை பெரும்பாலும் வெளியிலிருந்து வருவதில்லை. நல்ல துணியை வெளியே ரொக்கத்திற்கு விற்றுவிட்டு, மட்டமானதைச் சங்கத்திற்குக் கொண்டுவரும் அங்கத்தினர், தாம் சங்கத்தை ஏமாற்றுவதாக நினைக்கிறார். உண்மையில் தம் அடுத்த வருஷக் கூலியையே குறைத்துக்கொள்கிறார். நெசவாளர் பெயரைக் காட்டி வியாபாரியே பினாமியாக நடத்தும் சங்கம், பழைய கடையின் புதிய பலகை மட்டுமே. உறவினருக்கு நல்ல நூலும் மற்றவருக்கு மிச்சமும் கொடுக்கும் டைரக்டர்கள் இருந்தால் அங்கத்தினர் நம்பிக்கை இழப்பர். இவற்றைத் தடுக்கக் கூடியது சட்டமன்று. மகாசபைக் கூட்டத்தில் எழுந்து நின்று கணக்குக் கேட்கும் அங்கத்தினரே.

முடிவுரை

அன்னிய ஆட்சி 1947-இல் முடிந்தது. கைத்தறிக்கென 1952-இல் அகில இந்தியக் கைத்தறி போர்டு ஏற்பட்டது; சில ரகத் துணிகளைக் கைத்தறிக்கே ஒதுக்கி 1985-இல் சட்டமும் இயற்றப்பட்டது. ஆயினும் நோய் முற்றும் தீர்ந்ததென்று சொல்வதற்கில்லை. சேலம் ஜில்லாவிலிருந்து பிரிந்து 1997-இல் தனி ஜில்லாவான நாமக்கல்லில், பள்ளிபாளையம், குமாரபாளையம், திருச்செங்கோடு ஆகிய ஊர்களில் இன்று விசைத்தறியின் ஓசையே மிகுதி. அத்தறிகளிலும் பல, வியாபாரி தரும் நூலைக் கூலிக்கு நெய்து அவரிடமே கொடுக்கும் முறையில் ஓடுகின்றன. மரத்தறி இரும்புத்தறியாயிற்று, கை ஓய்ந்து மின்சாரம் ஓட்டுகிறது, நூலும் சந்தையும் இருக்கும் இடம் மட்டும் மாறவில்லை.

கும்பினி போயிற்று, சீமைத்துணியும் போயிற்று. அவற்றின் மேல் குற்றம் சொல்லிக்கொண்டிருப்பதால் ஒரு சிட்டம் நூல்கூட வீட்டுக்கு வராது. எந்த இரண்டைப் பறிகொடுத்து நெசவாளன் கூலியானானோ, அந்த இரண்டையும் பலர் கூடித் திரும்பப் பெறுவதற்கே கூட்டுறவு ஏற்பட்டது. பருத்தியோ, பாலோ, நிலக்கடலையோ, எதை உற்பத்தி செய்கிறவருக்கும் இது பொருந்தும். ஆகவே அங்கத்தினர்கள் அடுத்த மகாசபைக்கு வருகையில், சங்கம் எவ்வளவு கடன் கொடுத்தது என்று கேட்பதோடு நில்லாமல், சங்கத்தின் மூலம் எவ்வளவு வாங்கினோம், எவ்வளவு விற்றோம் என்று கேட்கவேண்டும். அக்கேள்விக்குத் திருப்தியான விடை கிடைக்கும் நாளில்தான் தறியும் நிலமும் உழைக்கிறவனுக்குச் சொந்தமாகும்.